வராதசாமியின் சீடர்

புன்னைக்குளத்துக் கரையில் ஒரு கல்மண்டபம் உண்டு. மலைக்கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் இளைப்பாறுவதற்காக எந்தக் காலத்திலோ கட்டினது. இப்போது யார் நடக்கிறார்கள்? எல்லாரும் வேனில் போகிறார்கள். அதனால் மண்டபத்தில் மாடத்தியும் அவளுடைய வாத்துகளும்தான் குடியிருந்தார்கள்.

ஊரில் அவளை மாடத்தி என்று ஒருத்தரும் கூப்பிடுவதில்லை. 'வராதசாமி' என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

ஒரு காலத்தில் கரையடி மாடனுக்கு ஆடுகிறவள் அவள்தான். கொடை விழாவில் மேளம் ஏற ஏற மாடன் அவள்மேல் வந்து இறங்குவான். ஊரே காலில் விழும். ஒரு வருஷம் மேளம் உச்சத்துக்குப் போய்விட்டது. பெண்கள் குலவை போட்டுப் போட்டு வாய் வலித்துப் போனார்கள். மாடத்தி வேல்கம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பூசாரி காதோரம் வந்து, "சும்மாவாச்சும் ஆடு புள்ள, மானம் போவுது" என்றார்.

மாடத்தி வேல்கம்பைக் கீழே வைத்தாள். "எனக்கு வரலை" என்றாள், எல்லாருக்கும் கேட்கிறமாதிரி. மேளக்காரர்கள் பாதி அடியில் நின்றுபோனார்கள்.

அவளுக்குக் கண் அவியும், கால் முடங்கும் என்று ஊர் ஆசையோடு காத்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வாத்துகள்தான் பெருகின.

அப்படிப்பட்டவளைத் தேடிக்கொண்டு ஒருநாள் அம்பலவாண ஓதுவார் வந்து சேர்ந்தார். டவுன் பெரிய கோயிலில் பதிகம் பாடிக்கொண்டிருந்தவர். அவளைவிட நன்றாக மூத்தவர். கையில் ஒரு துணிப்பை. முகத்தில் தூங்காத களை.

"அம்மா, நான் உங்ககிட்ட படிக்க வந்திருக்கேன்."

"எனக்கே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் ஓதுவாரே. எதைப் படிக்க?"

"முப்பது வருசமாப் பாடினேன். போன மாசம் ஒருநாள் காலையில பாடிக்கிட்டு இருக்கும்போதே தெரிஞ்சுது. வாய் பாடுது. உள்ளே ஆளில்லை."

"சாமி போயிட்டாரா?"

"அவர் மட்டுமா? பாவம், புண்ணியம், தர்மம், நியாயம் எல்லாம் அவர் பின்னாலேயே போயிட்டு. கல்யாண வீட்டுக்காரங்க கிளம்பினதும் பந்தக்காரன் வந்து பிரிச்சிட்டுப் போவான்லா, அந்த மாதிரி."

"சம்பளத்துக்குப் பாடியிருக்கலாமே? யாருக்குத் தெரியும்?"

"பாடிப் பாத்தேன். தொண்டை அடைச்சிட்டு. அதோட வேலையை விட்டுட்டேன்."

மாடத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வாத்துக்குத் தவிடு பிசையத் தெரியுமா?"

அதுதான் அவருக்குக் கிடைத்த தீட்சை.

மண்டபத்தில் வாழ்க்கை சுகமாகத்தான் போயிற்று. விபூதி இல்லை, விரதம் இல்லை, ராகுகாலம் இல்லை. ஆனாலும் ஓதுவாருக்கு உள்ளுக்குள் ஒரு பயம். கயிறறுந்த மாடு எந்த வயலில் போய் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? தன்னைக் கட்டிப்போட ஒன்றுமில்லையே, ஒருநாள் தானும் எதையாவது செய்துவிடுவோமோ என்று அவருக்கு நிஜமாகவே நடுக்கமாக இருந்தது.

"அம்மா, சாமி இல்லை. சரி. பாவமும் இல்லையா?"

"நான் பாத்ததில்லை."

"புண்ணியம்?"

"அதையும் பாத்ததில்லை."

"அப்போ நாளைக்கு நான் ஒருத்தன் கழுத்தை அறுத்துட்டா?"

"அறுக்கப் போறீரா?"

"ஐயையோ, இல்லை!"

"ஏன்?"

ஓதுவார் யோசித்தார். தவிடு பிசைந்த கை சட்டியிலேயே நின்றது.

"தவிடு ஆறிப்போவுது, பாரும்" என்றாள் மாடத்தி.

எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். ஒவ்வொரு தடவையும் தவிடோ, வாத்தோ, முட்டையோ குறுக்கே வந்துவிடும். குரு கிடைத்தும் உபதேசம் கிடைக்கவில்லையே என்று அவருக்கு மனத்தாங்கல்தான்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கதிர் பால் பிடிக்கிற சமயம், குளத்தில் இடுப்பளவு தண்ணீர்தான் நின்றது. எல்லா வயலுக்கும் சேர்த்து இன்னும் ஒரு பாய்ச்சல் வரும். அதை வெள்ளிக்கிழமை ஊர்ப்பொதுவில் திறப்பது, அதுவரை மடையை யாரும் தொடக்கூடாது என்று கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தார்கள்.

மடைக்கு இரண்டு சாவி. ஒன்று மடைக்காரர் உச்சிமாகாளியிடம். அவருடைய அப்பா, தாத்தா எல்லாரும் அந்த மடையைப் பார்த்தவர்கள்தான். இன்னொரு சாவி மாடன் கோயில் உள்ளறையில் இருக்கும். அந்த அறை தர்மகர்த்தா கோமதிநாயகத்தின் பொறுப்பு.

புதன்கிழமை விடிகாலை. ஓதுவார் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு கரையில் நின்றார். மடையில் யாரோ குனிந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்தபோது முகம் தெரிந்தது. கோமதிநாயகம். தண்ணீர் வாய்க்காலில் இறங்குகிற சத்தம் கேட்டது. பெரிய மனிதர், ஏதோ கமிட்டிக் காரியமாக இருக்கும் என்று ஓதுவார் முகம் கழுவப் போய்விட்டார்.

வெயில் ஏறினபிறகுதான் கூப்பாடு எழுந்தது. உச்சிமாகாளி ஓடிவந்து மடையை அடைப்பதற்குள் பாதிக் குளம் போய்விட்டது. கிழக்கு வாய்க்கால் வயல்கள் மட்டும் நிறைந்து கிடந்தன. அதில் முக்கால்வாசி கோமதிநாயகத்தின் வயல். ஓரத்தில் கொஞ்சம் உச்சிமாகாளி குத்தகைக்கு எடுத்தது. அது போதாதா?

"சாவி அவன் மடியில இருக்கு. வயலும் அவன்து நனைஞ்சிருக்கு. இன்னொரு சாவி சாமி அறையில இருக்கு. சாமியா வந்து திறந்தாரு?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் கோயில் வாசலில் கூட்டம். குற்றம் உறுதியானால் உச்சிமாகாளி சாவியைக் கொடுத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்.

ஓதுவார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பார்த்ததைப் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான். அதற்குள் கோமதிநாயகத்தின் ஸ்கூட்டர் மண்டபத்து வாசலில் வந்து நின்றது.

"காலையில நீரு கரையில நின்னதைப் பாத்தேன். சுத்தி வளைக்காமச் சொல்லுதேன். மடையில உச்சிமாகாளியைப் பாத்தேன்னு நாளைக்கு நீரு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணணும்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு ஒருத்தன் சொன்னால், புன்னைக்குளத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

"வேற ஆளே கிடைக்கலையா?"

"பொய்ச்சத்தியம் பண்ண இந்த ஊர்ல எவன் வருவான்? எல்லாவனுக்கும் சாமி இருக்கு, பிள்ளைகுட்டி இருக்கு. பயம் இருக்கும்லா? உமக்குத்தான் ஒரு எழவும் கிடையாதே! சாமி இல்லை, பாவமில்லை. உம்மைமாதிரித் தோதான ஆள் கிடைப்பானா?"

கேட்டதுக்குக் கோபப்படுவதா, சிரிப்பதா என்று ஓதுவாருக்குத் தெரியவில்லை. மனிதர் நிஜமாகவே நல்லெண்ணத்தோடு பேசினார். கிணறு வெட்டக் கிணறு வெட்டுகிறவனைக் கூப்பிடுகிறமாதிரி.

"மாட்டேன்னா?"

கோமதிநாயகம் மண்டபத்தை அண்ணாந்து பார்த்தார். "இது கோயில் இடம். அந்தப் பொம்பளை போனாப் போவுதுன்னு விட்டு வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமையே வாத்தும் சட்டியும் ரோட்டுக்கு வந்துரும். நான் சொன்னமாதிரி செஞ்சா இந்த மண்டபம் உங்களுக்கே. பெரிய கோயில்லேயும் உம்ம இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஸ்கூட்டர் போய்விட்டது. ஓதுவார் உட்கார்ந்தார். இத்தனை நாளும் மாடத்தியிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இப்போது நிஜமாகவே வாசலுக்கு வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் குருவின் தலைக்குமேல் இருக்கிற கூரை போகும். பொய் சொன்னால் உச்சிமாகாளி குடும்பத்தோடு வெளியே போகவேண்டும். பழைய நாளாக இருந்தால் பாடின பதிகத்தில் ஏதாவது ஒரு அடி வந்து கையைப் பிடித்திருக்கும். இப்போது தேடிப் பார்த்தார். பிடிக்க ஒரு கை இல்லை.

மாடத்தி புல்லுக்கட்டோடு வந்தாள். அவர் எல்லாவற்றையும் கொட்டினார்.

"சொல்லுங்கம்மா. பாவமில்லை, புண்ணியமில்லைன்னு ஆனபிறகு, நான் ஏன் அவன் சொன்னதைச் செய்யக் கூடாது?"

மாடத்தி புல்லுக்கட்டை இறக்கி வைத்தாள். சளிக்கு எண்ணெயில் காய்ச்சித் தடவ ஒரு சூடக்கட்டி டப்பாவில் கிடந்தது. அதை எடுத்து உடைந்த ஓட்டுச்சில்லில் வைத்துப் பற்றவைத்தாள்.

"அணைச்சுப் பாரும்."

ஓதுவார் உள்ளங்கையால் அடித்தார். அணைந்தது.

"சுட்டுதா?"

"லேசா."

"கண்ணு தெரியுதா?"

"தெரியுது."

"அப்போ சூடம்னா இவ்வளவுதான். நாளைக்கு அது உம்மைப் பயமுறுத்தாது. காப்பாத்தவும் செய்யாது."

"நான் என்ன பேசணும்னுதானே கேட்டேன்?"

"நான் சொல்லிக் கொடுத்தா அது என் பேச்சு. உமக்கு ஒரு வாய் இருக்குல்லா?"

"மண்டபம் போயிருமே அம்மா!"

"வாத்துக்கு மண்டபம் எதுக்கு ஓதுவாரே? தண்ணிதான் வேணும்." சொல்லிவிட்டு வாத்துகளை அடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் கோயில் வாசலில் ஊரே நின்றது. உச்சிமாகாளி குனிந்த தலை நிமிரவில்லை. அவருடைய மனைவி பேச்சியம்மா, சட்டிபானைகளை ஏற்கெனவே மூட்டை கட்டிவிட்டு வந்திருந்தாள். அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு ஊர்மேல்.

பூசாரி வெண்கலத் தட்டில் சூடம் ஏற்றினார். கோமதிநாயகம் கையைத் தூக்கினார்.

"கரையில குடியிருக்கிற ஓதுவார் கண்ணால பாத்திருக்காரு. சூடம் அணைச்சுச் சொல்லுவாரு. கேட்டுக்கோங்க."

ஓதுவார் தட்டுக்கு முன்னால் வந்தார். சுடர் நின்று எரிந்தது. சின்னச் சூடம்தான். ஒரு அடி போதும்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் இதை அணைக்க மாட்டேன்."

கூட்டத்தில் சலசலப்பு. கோமதிநாயகத்துக்கு மூஞ்சி வெளிறியது.

"எனக்கு இது வெறும் சூடம். நான் அடிச்சு அணைச்சா நீங்க சூடத்தை நம்புவீங்க. எனக்கே நம்பிக்கை இல்லாத ஒண்ணை வச்சு உங்களை நம்ப வைக்க எனக்கு இஷ்டமில்லை. எனக்குச் சாமி இல்லை. நரகத்துக்குப் பயமில்லை. பொய் சொல்லுறது பாவமா இல்லையா, அதுகூட எனக்குத் தெரியாது." ஓதுவார் உச்சிமாகாளியைப் பார்த்தார். "இவரு திறக்கலை. புதன்கிழமை விடிகாலை மடையைத் திறந்தது தர்மகர்த்தா கோமதிநாயகம். இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்!"

முப்பது வருஷம் பெரிய கோயில் பிரகாரத்தை நிறைத்த குரல் அது. குளத்துக்கு அந்தப்புறம் மேய்ந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. ஒரு எழுத்துக்கூடத் தொண்டையில் அடைக்கவில்லை.

ஆனால் ஊர் லேசுப்பட்டதா?

"சூடம் அணைக்காமச் சொன்னா அது என்ன சாட்சி?" என்றது ஒரு குரல். "சாமி இல்லாதவன் பேச்சை எப்படி நம்ப?" என்றது இன்னொன்று. "வராதசாமிக்கு அணைக்காத சாட்சி, நல்ல சோடிதான்!" என்று யாரோ சொல்ல, சிரிப்பு.

கோமதிநாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஏய், நான் அணைக்கேன் பாருங்கலே!" என்று பாய்ந்து வந்தார். படாரென்று தட்டில் ஒரு அடி. சூடம் அணைந்தது. "மாடன் சாட்சியாச் சொல்லுதேன். நான் மடையைத் தொடலை!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தர்மகர்த்தாவே அணைத்துவிட்டார். இனிமேல் என்ன இருக்கிறது? இரண்டு பேர் உச்சிமாகாளியிடம் சாவிக்குக் கையை நீட்டிவிட்டார்கள்.

"நில்லுங்க!"

பேச்சியம்மாதான். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் வந்துவிட்டாள்.

"நான் பாடம் படிச்சவ இல்லை. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஓதுவாருக்குச் சூடம்னா வெறும் சூடம்தானே? அதை அணைச்சா அவருக்கு ஏதாவது கெட்டுப்போகுமா?"

"போகாது" என்றார்கள்.

"அணைச்சிருந்தா நீங்க அவரு சொன்னதை நம்பியிருப்பீங்களா, மாட்டீங்களா?"

"நம்பியிருப்போம்."

"அப்போ பொய் சொல்ல வந்த மனுசனா இருந்தா, முதல்ல அதைத்தானே அணைச்சிருப்பாரு? நஷ்டமில்லாத காரியத்தை ஏன் விட்டாரு? சொல்லுங்கய்யா, ஏன் விட்டாரு?"

கூட்டத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

பூசாரி தலையைச் சொறிந்தார். பாவப்பட்ட மனிதர், மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"எனக்கும் ஒரு சந்தேகம். இன்னைக்குக் காலையில நடை திறந்ததும் தர்மகர்த்தா வந்து மாடனுக்குக் கிடா நேர்ந்துக்கிட்டாரு. 'இன்னைக்கு நடக்கப்போற பிழையைப் பொறுத்துக்கோ சாமி'ன்னாரு. நடந்த பிழைக்குத்தானே நேருவாங்க, நடக்கப்போறதுக்குமா நேருவாங்கன்னு அப்பவே நினைச்சேன்."

"ஏலே, வாயை மூடுல!" என்று கத்தினார் கோமதிநாயகம். நுணல் தன் வாயால் கெட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா? "அட்வான்ஸ் கிடாவா அண்ணாச்சி?" என்று ஒரு குரல் எழ, வாசலே வெடித்துச் சிரித்தது. சாவிக்காக உச்சிமாகாளியிடம் நீண்ட கைகள் இப்போது கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பின. அவர் உள்ளறைச் சாவிக்கொத்தை அவிழ்த்துத் தட்டில் போட்டார். அணைந்த சூடத்தின் கரி அதில் ஒட்டிக்கொண்டது.

இருக்கிற தண்ணீரை அப்போதே மற்ற வயல்களுக்குத் திறந்துவிடுவது என்று முடிவாயிற்று. கிழக்கு வாய்க்காலுக்கு இனி ஒரு சொட்டு கிடையாது. உச்சிமாகாளி தன்னுடைய ஓரத்து வயலும் அதில்தான் என்று சொல்லவில்லை. தலை நிமிர்ந்து, ஊர் பின்னால் வர, கரைமேல் நடந்து போய் மடையில் இறங்கினார். சாவி திரும்பியது. தண்ணீர் தெற்கு வாய்க்காலில் திமுதிமுவென்று இறங்கியது.

பேச்சியம்மா ஓதுவார் முன்னால் வந்து நின்று, வாயில் கையை வைத்துக் குலவை போட்டாள். பக்கத்தில் நின்றவள் சேர்ந்தாள். பிறகு எல்லாப் பெண்களும். சாமி வந்தவர்களுக்குப் போடுகிற குலவை அது. சாமியே இல்லாத மனிதருக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் போட்டார்கள். ஓதுவாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. இளந்தாரிகள் அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். "எலேய், வேட்டி அவிழுது, இறக்குங்கலே!" என்று அவர் கத்தியது குலவையில் யாருக்கும் கேட்கவில்லை.

"மண்டபத்தை எவன் கேப்பான், பாக்கேன்" என்றார் பூசாரி, தன் பங்குக்கு.

மண்டபத்தில் மாடத்தி தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குலவை தொடங்கியதுமே நடந்து வந்துவிட்டிருந்தாள்.

ஓதுவார் மூச்சிரைக்க வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். முகம் பூராவும் சிரிப்பு. கண்ணில் தண்ணீர்.

"ஜெயிச்சிட்டோம் அம்மா!"

"பாத்தேன்."

"ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கலை. சூடத்துக்கு முன்னால நிக்கும்போது நான் தேடிப் பாத்தேன். சாமி வந்து கையைப் பிடிக்கலை. பாவம்னு தோணலை. தர்மம்னு ஒண்ணும் நினைவுக்கு வரலை. நீங்களும் ஒண்ணும் சொல்லித் தரலை. பின்னே எது அம்மா என்னை அப்படிப் பேச வச்சுது?"

மாடத்தி தவிட்டுக் கையைச் சட்டியின் விளிம்பில் வழித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"உள்ளே ஆளில்லைன்னு சொல்லிக்கிட்டு வந்தீரே ஓதுவாரே. அப்போ இன்னைக்கு அங்கே பேசினது யாரு?"